சொடக்கு

தரை தாங்குமா என்று முதலில் கேட்டவர்
கீழ்வீட்டு விங்க்ளர்.
இருநூறு லிட்டர் தண்ணீர், கண்ணாடி, மணல், பாறை,
எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோ என்று
ஒரு சீட்டில் எழுதி அவர் கதவிடுக்கில் செருகினேன்.
மறுநாள் அதே சீட்டு என் கதவில்.
அடியில் பென்சிலால்:
"என் கட்டில் அதற்கு நேர் கீழே."

சுவரோரமாக, உத்திரங்களுக்குக் குறுக்கே
தொட்டியை நகர்த்தினேன்.

கெம்னிட்ஸில் கடல் இல்லை.
நான் ஓட்டும் டிராம் ஹுட்ஹோல்ட்ஸ் வரை போய்
திரும்பி வந்துவிடும்.
எனவே கடலைச் செய்யவேண்டியிருந்தது.
முதலில் எதுவுமே இல்லாத தண்ணீர்,
ஆர்.ஓ. குழாயிலிருந்து நூல் நூலாக.
இரண்டு இரவு அலாரம் வைத்து எழுந்து
வாளி மாற்றினேன்.
பிறகு உப்பு. கை தாராளமாகிவிட்டது.
ஒளிமானியில் கண் வைத்தால்
நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு
முப்பத்தொன்பதில்.
முப்பத்தைந்துக்கு இறக்க ஒரு ஞாயிறு முழுக்க
ஒரு குவளை மொண்டு ஒரு குவளை ஊற்றினேன்.

பாறைகள் வந்தன, ஈரச் செய்தித்தாளில் சுற்றி.
பிரித்ததும் வீடு முழுக்க
மறந்துபோன மதிய உணவுப் பெட்டியின் நாற்றம்.
"ஆறு வாரம்," என்றாள் கடைக்காரி ரமோனா.
"மீன் கூடாது. கையைச் சட்டைப்பைக்குள் வை."

வைத்தேன்.
சோதனைக் குழாயில் அம்மோனியா பச்சையானது,
மஞ்சளானது. நைட்ரைட் ஊதாவாகி வெளுத்தது.
மணல்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு பாசி
போர்வைபோலப் படுத்தது.
டிப்போ நண்பர்கள் பியருடன் வந்து
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து
"மீன் எங்கே?" என்றார்கள்.
உப்பிட்டவள் நான்.
உள்ளளவும் நினைக்க
உள்ளே ஒரு உயிராவது வேண்டாமா?

ஐந்தாம் வாரம், இரவு இரண்டு மணி.
கதவில் விங்க்ளர்,
குளியலங்கியில், கையில் வாளியுடன்.
"சொட்டுகிறது."
"இல்லை," என்றேன்.
டக்.
இருவரும் கேட்டோம்.
"கண்ணாடி விரிகிறது," என்றார்.
மூன்று இரவாக நானும் அதையே நினைத்து
யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

மூலைமூலையாக விரலை ஓட்டினேன். காய்ந்திருந்தது.
பம்பை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன்.
டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் கட்டி
தரையில் உட்கார்ந்தோம்.
நெசவாலையில் இடது காதைத் தொலைத்தவர் அவர்.
வலது காது மேலே இருக்கும்படிதான் படுப்பாராம்.
நாற்பது நிமிடம்.
பாறையின் அடித்துளையிலிருந்து
ஒரு மணல் பருக்கை வெளியே வந்தது.
இன்னொன்று.
பிறகு ஒரு இறால்,
சுண்டுவிரலில் பாதி,
ஒரு கை மட்டும் உடம்புக்கு மிகப் பெரிது,
அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்ட குழந்தைபோல.
அந்தக் கையால் ஒரு சொடக்குப் போட்டது.
டக்.

யார் அழைத்தது இதை?
பாறையோடு டிக்கெட் இல்லாமல் ஏறி
முந்நூறு கிலோக் கடலில்
முதல் பயணி.
விங்க்ளர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு சீட்டுகள் வந்தன:
"பதினொன்றரைக்கு இரண்டு. மூன்றே காலுக்கு ஒன்று."
"நேற்று ஏழு. என்ன கொடுத்தீர்கள்?"
ஒரு வாரம் கழித்து:
"இரண்டு நாளாக ஒன்றுமில்லை."

ஒன்றுமில்லைதான்.
மணலில் மல்லாந்து கிடந்தது,
கண்ணாடிபோல் வெளிறி,
பெரிய கை அப்படியே.
எடுத்துத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவிட்டேன்.
எப்படிச் சொல்வது என்று மூன்று நாள்
அவர் கதவைச் சத்தமில்லாமல் கடந்தேன்.

வியாழன் மாலை தட்டினேன்.
அவர் பேசவில்லை. மேசையில் துண்டு விரித்து
பூதக்கண்ணாடியை எடுத்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"உள்ளே காலி," என்றார்.
"இது சட்டை."
நான் குனிந்தேன். முதுகில் ஒரு பிளவு,
யாரோ அவசரமாகக் கழற்றிப் போனதுபோல்.

தலைக்கு மேலே
டக்.

விங்க்ளர் பென்சிலைத் தேடினார்.